ரப்பர் தார்ச் சாலை: சென்னை மாநகராட்சி ஆணையருக்கு ஒரு திறந்த மடல்

பெருநகர சென்னை மாநகராட்சி ஆணையர் அவர்களுக்கும் சாலைப் பொறியாளர்களுக்கும் வணக்கம்.

பழைய டயரைப் பொடியாக்கித் தாரில் கலந்து போடும் சாலையை நம் நகரத்தில் சில தெருக்களில் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று கேட்டு எழுதுகிறேன். சோதனை என்றால் பலகை வைத்து, படம் எடுத்து, அப்புறம் மறந்துபோகும் சோதனை அல்ல. பக்கத்திலேயே வழக்கமான தாரில் போட்ட துண்டுச் சாலையோடு ஒப்பிட்டு, அளந்து, முடிவை மக்களிடம் சொல்லும் சோதனை.

கழிவு டயர் நமக்குத் தரும் தொல்லை உங்களுக்கே தெரியும். மழைநீர் நிற்கும் டயரில் ஏடிஸ் கொசு பெருகுகிறது. போகிப் பண்டிகை வந்தால் டயரை எரிக்க வேண்டாம் என்று ஆண்டுதோறும் மக்களைக் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. டயர் தயாரிப்பாளர்களே கழிவு டயரின் மறுசுழற்சிக்குப் பொறுப்பு என்று 2022-ல் மத்திய அரசின் விதிகள் வந்துவிட்டன. ரப்பர் கலந்த தாருக்கென்று ஐ.எஸ். 17079 என்ற இந்தியத் தரமும் 2019 முதல் இருக்கிறது. ஆக, பொருள் புதிதல்ல. அது நம் வெயிலையும் ஐப்பசி, கார்த்திகை மழையையும் நம் பேருந்துகளையும் எப்படித் தாங்குகிறது என்பதைத் தெருவிலேயே பார்க்க வேண்டும்.

இதில் எனக்கு நம்பிக்கை இருப்பதற்குக் காரணம் உண்டு. கம்பியும் நூலும் நீக்கி அரைத்த ரப்பர் பொடியைச் சூடான தாரில் போட்டால், தாரிலுள்ள எண்ணெயை உறிஞ்சி அது உப்புகிறது. தார் கெட்டியாகிறது, அழுத்தினால் மறுபடி பழைய வடிவத்துக்கு வரும் மீள்தன்மையும் கூடுகிறது. சித்திரை வெயிலில் இளகிப்போகும் சாதாரணத் தாரைவிட இது வடிவம் மாறாமல் நிற்கும். சிக்னலுக்கு முன்னாலும் பேருந்து நிறுத்தத்திலும் பிரேக் அழுத்தி அழுத்திச் சாலை அலை அலையாகப் புடைத்திருக்கிறதே, அங்கேதான் இதன் பலன் தெரிய வேண்டும். அதனால் வண்டி அதிகம் போகாத நல்ல தெருவைத் தேடிப்பிடித்துச் சோதிக்காதீர்கள். பேருந்து நின்று நின்று போகும் தடத்தையே எடுங்கள்.

அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில் 1960-களில் மாநகராட்சிப் பொறியாளர் சார்ல்ஸ் மெக்டொனால்ட் இதைத் தொடங்கியது பள்ளங்களுக்கு ஒட்டுப்போடத்தான். அந்த நகரமும் அரிசோனா மாநிலமும் பல ஆண்டுகள் போட்டுப் பார்த்துத்தான் பெரிய சாலைகளுக்குப் போனார்கள். ஆனால் அதே நாட்டில், மத்திய நிதியில் போடும் சாலைகளில் டயர் ரப்பரைச் சேர்த்தே ஆக வேண்டும் என்று 1991-ல் சட்டம் போட்டு, மாநிலங்களின் எதிர்ப்பால் 1995-ல் அதைக் கைவிட்டார்கள். மாநிலங்கள் அனுபவம் பெறுவதற்கு முன்பே கட்டாயப்படுத்தியதால் வந்த வினை அது என்றே நான் நினைக்கிறேன். நமக்கு அரிசோனா போன வழி போதும்.

சாலை இரைச்சல் குறையும் என்பது இதற்காகச் சொல்லப்படும் இன்னொரு பெருமை. வேகமாக ஓடும் நெடுஞ்சாலையில் அது உண்மை. ஹாரனும் எஞ்சினும் அலறும் நம் தெருவில் அதற்காக ஒரு ரூபாய்கூடச் செலவிட வேண்டியதில்லை.

கவனிக்க வேண்டியது வேறு. ரப்பர் கலந்த கலவையை வழக்கத்தைவிடக் கூடுதல் சூட்டில் கலக்க வேண்டும், சூடு ஆறுவதற்குள் ரோலர் ஓட்டி இறுக்க வேண்டும். கலவை ஆலையிலிருந்து லாரி கிளம்பி நெரிசலில் மாட்டி, நள்ளிரவில் வந்து சேரும்போது சூடு இறங்கியிருந்தால் உள்ளே இடுக்குகள் நின்றுவிடும். மழை அங்கே புகுந்து ஜல்லியைப் பெயர்த்துவிடும். தொட்டியில் கிளறாமல் வைத்தால் ரப்பர் அடியில் தங்கிவிடும் என்ற சிக்கலும் இருக்கிறது. ஆகவே ஒவ்வொரு லாரியின் சூட்டையும் ஆலையிலும் தெருவிலும் அளந்து எழுதி வையுங்கள். நாளைக்குச் சாலை பெயர்ந்தால் குறை ரப்பரிலா, போட்ட விதத்திலா என்று சொல்ல வேறு வழி கிடையாது. தண்ணீர் தேங்கும் இடத்தில் எந்தத் தாரும் நிற்காது. மழைநீர் வடிகாலைச் சரிசெய்துவிட்டு, குடிநீர், மின்சாரக்காரர்கள் தோண்டும் வேலை முடிந்த பிறகு போடுங்கள். பழைய தார் அடுக்கைச் சுரண்டி எடுக்காமல் மேலே மேலே போட்டு, வீடுகளைப் பள்ளத்தில் இறக்கிவிடவும் வேண்டாம்.

அந்தக் கூடுதல் சூட்டில் எழும் புகையை முதலில் சுவாசிப்பவர்கள் ரோலருக்குப் பக்கத்தில் நிற்கும் தொழிலாளர்கள். அவர்கள் சுவாசிக்கும் காற்றை இரண்டு வகைத் துண்டிலும் அளந்து பாருங்கள், முகக்கவசம் கொடுங்கள். இதை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்.

சாலையிலிருந்து வழியும் மழைநீரையும் சோதிக்க வேண்டும். டயரைக் காப்பதற்காகச் சேர்க்கும் 6பிபிடி என்ற வேதிப்பொருள் ஓசோனோடு சேர்ந்து மாறி, கோஹோ சால்மன் மீன்களைக் கொல்கிறது என்று அமெரிக்க ஆய்வாளர்கள் 2020-ல் கண்டறிந்தார்கள். ஓடும் வண்டிகளின் டயர் தேய்ந்து விழும் தூளிலிருந்தே அது வருகிறது. தாருக்குள் சிக்கிய ரப்பரிலிருந்து எவ்வளவு கசியும் என்பதை இங்கேயே அளக்கலாம். நம் தெருத் தண்ணீர் கூவத்துக்கும் அடையாற்றுக்கும் பள்ளிக்கரணைக்கும்தானே போகிறது?

இரண்டு பருவமழையாவது தாண்டட்டும். பள்ளம் எத்தனை, விரிசல் எவ்வளவு, டயர்த் தடம் எத்தனை மில்லிமீட்டர் பதிந்தது, பராமரிப்புக்கு என்ன செலவானது என்று இரண்டு துண்டுக்கும் சேர்த்து மாநகராட்சி இணையதளத்தில் தமிழில் போடுங்கள். அளக்கும் பொறுப்பை ஒப்பந்ததாரரிடம் விடாமல் அண்ணா பல்கலைக்கழகம் அல்லது ஐஐடி போன்ற வெளி நிறுவனத்திடம் கொடுங்கள். முடிவு ரப்பருக்கு எதிராக வந்தாலும் அப்படியே வெளியிடுங்கள். எந்தத் தெரு, எந்தத் தேதியில் போட்டது என்பதை முதல் நாளிலேயே அந்த வார்டு மக்களுக்குத் தெரிவித்தால், அளவுநாடா இல்லாமலே தினமும் பார்த்துச் சொல்ல நாங்கள் இருக்கிறோம்.

இப்படிக்கு,
சென்னையில் சொத்து வரி கட்டும் ஒரு குடிமகள்