டி.என்.ஏ.வின் அசைவையும் பாடமாக்குங்கள்: நெல்லைப் பாடத்திட்டக் குழுவினருக்குத் திறந்த மடல்

நெல்லை, தென்காசி, தூத்துக்குடிக் கல்லூரிகளின் முதுகலை இயற்பியல், உயிர்த்தொழில்நுட்பப் பாடத்திட்டங்களை வகுக்கும் பேராசிரியர்களுக்கு, பாளையங்கோட்டையில் இயற்பியல் கற்பிக்கும் ஓர் ஆசிரியரின் வணக்கம்.

எங்கள் மாணவர்கள், காந்தப்புலத்தில் இணையற்ற எலெக்ட்ரான்கள் நுண்ணலையை உறிஞ்சுவதை அளக்கும் எலெக்ட்ரான் ஸ்பின் ஒத்ததிர்வின் சமன்பாட்டை வருவித்து, கணக்கு ஒன்றைப் போட்டுவிட்டு அடுத்த அலகுக்குப் போய்விடுகிறார்கள். பக்கத்துத் துறையிலோ டி.என்.ஏ. என்பது 2 நானோமீட்டர் தடிமனும் 3.4 நானோமீட்டருக்கு ஒரு சுற்றும் கொண்ட அசையாத படமாகவே அறிமுகமாகிறது. இவ்விரண்டையும் இணைப்பது, இணையற்ற எலெக்ட்ரான் கொண்ட சிறு மூலக்கூறை டி.என்.ஏ.வில் அடையாளமாகப் பொருத்தி அதன் அசைவை அறியும் ஸ்பின் லேபிள் முறை. அதற்கு ஒரு முழு அலகு ஒதுக்க வேண்டுகிறேன்.

இயல்பான டி.என்.ஏ.வில் இணையற்ற எலெக்ட்ரான் கிடையாது. ஆகவே அது ஒத்ததிர்வுக் கருவியின் கண்ணுக்குப் படாது. இணையற்ற எலெக்ட்ரான் கொண்ட நிலையான சேர்மமான நைட்ராக்சைடை உயிர் மூலக்கூறுகளில் பொருத்திப் பார்க்கும் வழியை 1965இல் ஹார்டன் மெக்கானலின் குழு திறந்துவைத்தது. நீரில் தனியே திரியும் நைட்ராக்சைடு, ஏறத்தாழ 1.6 மில்லிடெஸ்லா இடைவெளியில் கூர்மையான மூன்று கோடுகளை நிறமாலையில் தரும். டி.என்.ஏ.வில் பொருத்தியதும் அதன் சுழற்சி தாமதப்பட்டு, காந்தப்புலம் மிகுந்த பக்கத்துக் கோடு முதலில் குட்டையாகி அகலமாகும். உறையவைத்தாலோ வெளி முனைகளின் இடைவெளி சுமார் 7 மில்லிடெஸ்லாவுக்கு விரியும்.

மாணவர்கள் நின்று யோசிக்க வேண்டிய இடம் இதுதான். கோட்டின் வடிவம் மாறியது டி.என்.ஏ. அசைந்ததாலா, லேபிளைத் தாங்கும் காம்பு ஆடியதாலா? நெல்லையப்பர் தேரைத் தொலைவில் நின்று பார்ப்பவர், தேர் அசைகிறதா, உச்சிக்கொடி மட்டும் ஆடுகிறதா என்று தடுமாறுவதைப் போன்ற சிக்கல் இது. ஐஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தில் சிகுர்ட்சன் குழு 2007இல் வெளியிட்ட விறைப்பான லேபிள், டி.என்.ஏ.வின் காரங்களில் ஒன்றான சைட்டோசினோடு வளையங்களாகவே பிணைந்திருப்பதால், அந்த ஐயத்தைப் பெருமளவு நீக்கியது. கருவியைவிட இந்த வேதியியல் நுட்பமே பெரிய சாதனை என்பது என் கருத்து.

இரண்டு லேபிள்களைப் பொருத்தினால் அவற்றின் இடைத்தூரமும் கிடைக்கும். நோவோசிபிர்ஸ்க்கில் மிலோவும் உடனாய்வாளர்களும் 1981இல் தொடங்கிய, நுண்ணலையைத் துடிப்புகளாகச் செலுத்தும் முறையில், இரு எலெக்ட்ரான்களின் இடைவினை அதிர்வெண், 52 மெகாஹெர்ட்ஸை நானோமீட்டரிலுள்ள தூரத்தின் மும்மடியால் வகுத்த அளவு. 2 நானோமீட்டருக்கு 6.5, 4 நானோமீட்டருக்கு 0.8 மெகாஹெர்ட்ஸ் என்று கரும்பலகையிலேயே போட்டுக் காட்டலாம். படிகம் வளர்க்கத் தேவையில்லை. சுமார் 50 கெல்வினில் உறைந்த கரைசலிலிருந்து தூரங்களின் ஒரு பரவல் கிடைக்கும். விறைப்பான லேபிளாக இருந்தால், உறைந்த வேளையில் மூலக்கூறுகள் எத்தனை விதமாக வளைந்தும் நீண்டும் இருந்தன என்பதை அப்பரவலின் அகலம் சொல்லும்.

திரவ ஹீலியம் கேட்கும் துடிப்புக் கருவியை நம் கல்லூரிகள் வாங்க வேண்டுமென்று நான் கோரவில்லை. கட்டணமில்லாத ஈஸிஸ்பின் நிரலைக் கொண்டு மாணவர்களே நிறமாலையைக் கணித்துப் பார்க்கலாம். நீரிலும் கிளிசராலிலும் கரைத்த டெம்போல் என்னும் நைட்ராக்சைடின் நிறமாலையை சென்னை ஐஐடி போன்ற இடங்களில் எடுத்துவர, ஆண்டுக்கு ஒருமுறை ஏற்பாடு செய்தால் போதும். தேர்விலும் வருவித்தலோடு நிறுத்தாமல், ஒரு நிறமாலையைக் கொடுத்து அதிலிருந்து அசைவை விளக்கச் சொல்லும் வினா ஒன்று கட்டாயம் இடம்பெற வேண்டும்.

அடுத்த பாடத்திட்டக் கூட்டத்தில் இதனை விவாதத்துக்கு எடுத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். அலகின் வரைவை எழுதித் தரவும், இரு துறை மாணவர்களையும் ஒரே வகுப்பில் அமர்த்தி முதல் பருவத்தில் நடத்தவும் ஆயத்தமாக இருக்கிறேன்.