சின்னவளின் ஆறாம் வகுப்பு

உச்சிப்புளி,
10-5-2025.

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. அத்தைக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது என்று படித்து நிம்மதி அடைந்தேன். இங்கே எல்லாரும் நலம். தடைக்காலம் என்பதால் அவர் கடலுக்குப் போகவில்லை. பகலெல்லாம் மண்டபத்தில் படகுக்கு மராமத்து வேலை, இருட்டிய பிறகுதான் வீடு திரும்புகிறார்.

சின்னவள் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பை முடித்துவிட்டாள், அவளை இராமநாதபுரத்தில் ஒரு தனியார் பள்ளியில் சேர்க்கலாமா, சேர்ப்பதானால் என்னென்ன செய்ய வேண்டும் என்று கேட்டிருக்கிறாய். இரண்டு ஆண்டுகளுக்கு முன்னால் இதே மே மாதத்தில் இதே கேள்வியோடு நான் அலைந்தபோது விவரம் சொல்ல ஒருவரும் கிடைக்கவில்லை. பள்ளி அலுவலகத்தில் சொன்னதையெல்லாம் அப்படியே நம்பினேன். நீ அப்படி அலையக் கூடாது என்பதால் தெரிந்ததை எல்லாம் எழுதுகிறேன். என் எண்ணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இடம் கிடைப்பது பெரிய காரியமே இல்லை. ஐந்து ஆண்டுகள் தமிழில் படித்த பிள்ளை ஆறாம் வகுப்பில் திடீரென்று ஆங்கிலவழியில் உட்காரும்போது, அந்த முதல் ஆண்டில் தினமும் இரவு யார் அவள் பக்கத்தில் இருப்பது என்பதைத்தான் நீயும் அண்ணனும் பேசி முடிவு செய்ய வேண்டும்.

அண்ணன் 25 சதவீத இலவச இடத்தைப் பற்றி விசாரிக்கச் சொன்னதாக எழுதியிருந்தாய். அது சின்னவளுக்குப் பொருந்தாது. 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்விச் சட்டப்படி அந்த ஒதுக்கீடு பள்ளியின் நுழைவு வகுப்பில் மட்டும்தான் உண்டு, அதாவது எல்.கே.ஜி.யிலோ ஒன்றாம் வகுப்பிலோ சேரும்போது. அப்படிச் சேர்ந்த பிள்ளைக்கு எட்டாம் வகுப்பு வரை கட்டணம் இல்லை. ஆறாம் வகுப்பில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு அந்தக் கதவு கிடையாது. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. ஆகவே கட்டணம் கட்டித்தான் படிக்க வைக்க வேண்டும் என்ற கணக்கோடு தொடங்கு.

அதே சட்டத்தில் உனக்கு உதவுகிற ஒரு பிரிவும் இருக்கிறது. பிள்ளைக்கோ பெற்றோருக்கோ தேர்வோ நேர்காணலோ வைத்து வடிகட்டக் கூடாது, நன்கொடை வாங்கக் கூடாது என்று அதன் 13-ஆம் பிரிவு சொல்கிறது. வடிகட்டுகிற பள்ளிக்கு முதல் முறை 25,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. இது எனக்கு அப்போது தெரியாது. நான் போன முதல் பள்ளியில் என் மகனைத் தனியாக ஓர் அறைக்குள் அழைத்துப் போய் ஆங்கிலத்தில் ஒரு தாளைக் கொடுத்து எழுதச் சொன்னார்கள். அரை மணி நேரம் கழித்து அவன் வெளியே வந்தபோது தாளின் மேலே தன் பெயரை மட்டும் எழுதியிருந்தான். அலுவலகத்தில் இருந்தவர் அதைப் பார்த்துவிட்டு, இடம் கொடுக்கிறோம், ஆனால் கட்டட நிதி தர வேண்டியிருக்கும், அதற்கு ரசீது கிடைக்காது என்றார். மகனுக்கு முன்னாலேயே அதைச் சொன்னதுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை. வண்டியில் திரும்பி வரும்போது, “அம்மா, நான் சரியா எழுதாததாலதான் காசு கேக்குறாங்களா?” என்று கேட்டான். நீ போகும்போது சின்னவளை வெளியே உட்கார வைத்துவிட்டுப் பணப் பேச்சைப் பேசு.

கட்டண விஷயத்தில் ஒன்றை உறுதியாகக் கேட்டு வாங்கு. தனியார் பள்ளிகளின் கட்டணத்தை நிர்ணயிக்க, ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் ஒரு குழு இருக்கிறது. 2009-இல் கொண்டுவந்த தமிழகச் சட்டத்தின்படி அமைந்தது. ஒவ்வொரு பள்ளிக்கும் வகுப்புவாரியாக அந்தக் குழு கொடுத்த ஆணை இருக்கும். அதைக் காட்டச் சொன்னால் முகம் மாறும், ஆனால் பேச்சு ஒழுங்காகிவிடும். இரண்டாவதாக நான் போன பள்ளியில் கேட்டேன், காட்டினார்கள், அங்கேயே சேர்த்தேன். வேன், சீருடை, நோட்டுப் புத்தகம் இவையெல்லாம் தனிக் கணக்கு என்பதையும் மறந்துவிடாதே.

இனி முக்கியமானதற்கு வருகிறேன்.

சேர்ந்த இரண்டாவது மாதம். ஒரு நாள் இரவு, அவன் தூங்கிய பிறகு, அறிவியல் நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். பலகையில் இருந்ததை ஓர் எழுத்து விடாமல் ஆங்கிலத்தில் அழகாகப் படியெடுத்திருந்தான். ஆனால் ஓரத்தில், பென்சிலால் மிகவும் சிறியதாக, ஒவ்வொரு பெரிய சொல்லுக்கும் எதிரே அது காதில் விழுந்த ஓசையைத் தமிழில் எழுதி வைத்திருந்தான்: “வெர்ட்டிப்ரேட்”, “ஆம்ஃபீபியன்”, “ஹாபிடேட்”. யாரும் பார்த்துவிடக் கூடாது என்று சில இடங்களில் அழித்தும் இருந்தான். “ஆம்ஃபீபியன்” பக்கத்தில் மட்டும் ஒரு தவளை படம். அதைப் பார்த்துக் கொஞ்ச நேரம் அழுதேன். அவனுக்குப் பாடம் தெரியாமல் இல்லை. நம் கரையில் பிறந்த பிள்ளைக்கு மீனுக்குச் செவுள் எதற்கு என்று தெரியாதா? அந்த வார்த்தை ஆங்கிலத்தில் எந்தக் கதவுக்குப் பின்னால் இருக்கிறது என்பதுதான் தெரியவில்லை.

மறுநாள் பக்கத்துத் தெருவில் அரசு நடுநிலைப் பள்ளியில் ஆறாம் வகுப்பு படிக்கும் பையனிடம் அவனுடைய அறிவியல் புத்தகத்தை இரவல் வாங்கி வந்தேன். சமச்சீர்க் கல்வி வந்த பிறகு மெட்ரிக் பள்ளிக்கும் அரசுப் பள்ளிக்கும் ஒரே பாடநூல்தான். இது தமிழில், அது ஆங்கிலத்தில், அவ்வளவே. அதே பாடம், அதே வரிசை. இரண்டையும் பாயில் பக்கம் பக்கமாக விரித்து வைத்து, முதலில் தமிழில் படி, பிறகு அதே பத்தியை ஆங்கிலத்தில் படி என்றேன். முதல் வாரம் ஒரு பக்கத்துக்கு ஒரு மணி நேரம் ஆனது. எனக்கும் ஆங்கிலம் அவ்வளவாக வராது என்பது உனக்குத் தெரியும். ஆனாலும் தமிழ்ப் புத்தகம் கையில் இருந்ததால் அவனுக்கு என்னால் துணையாக இருக்க முடிந்தது. காலாண்டில் அறிவியலில் தோற்றான். அரையாண்டில் தேறினான். முழு ஆண்டுத் தேர்வுக்கு முன்னால் தமிழ்ப் புத்தகம் வேண்டாம் என்று அவனே சொன்னான். இப்போது எட்டாம் வகுப்புக்குப் போகிறான். சி.பி.எஸ்.இ. பள்ளியாக இருந்தால் இந்த வழி நடக்காது, அங்கே பாடநூலே வேறு. சின்னவளுக்கு அதைப் பார்க்கவே வேண்டாம் என்பது என் கருத்து.

ஒரு விஷயத்தில் உன் மகள் என் மகனை விடக் கொடுத்து வைத்தவள். அவனுடைய மூன்றாம் வகுப்பு முழுவதும் கொரோனாவில் போனது. 2021 நவம்பரில் பள்ளி திறந்தபோது அவன் நான்காம் வகுப்பில் பாதி வழியில் நின்றான், எழுத்துக் கூட்டிப் படிக்கவே தடுமாறினான். சின்னவளும் ஒன்றாம் வகுப்பை அப்படித்தான் இழந்தாள் என்றாலும், அவள் மூன்றாம் வகுப்புக்கு வந்த 2022-இல், தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்கு எழுத்தையும் கணக்கையும் அடிப்படையிலிருந்து சொல்லிக்கொடுக்கிற எண்ணும் எழுத்தும் திட்டம் தொடங்கியது, அடுத்த ஆண்டு நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கும் வந்துவிட்டது. போன பொங்கலுக்கு நீங்கள் வந்திருந்தபோது அவள் செய்தித்தாளைத் தடையில்லாமல் படித்ததைக் கேட்டேன். தமிழை அப்படிப் படிக்கிற பிள்ளைக்கு ஆங்கிலத்தைப் பிடித்துக்கொள்ள ஒரு கை இருக்கிறது.

ஆனால் எதை விட்டுவிட்டுப் போகிறாள் என்பதையும் நீ எண்ணிப் பார்க்க வேண்டும். இதை எனக்கு யாராவது அன்றைக்கே சொல்லியிருந்தால் நான் இன்னும் ஒரு மாதம் யோசித்திருப்பேன். மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு 2020-இல் வந்தது. 2021-இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகியவற்றுக்கும் விரிந்தது. அந்த இடத்தில் சேருகிறவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. ஆனால் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். கல்லூரிக்குப் போகும் பெண் பிள்ளைகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டத்துக்கும் ஆறாம் வகுப்பிலிருந்துதான் கணக்கு. இந்த ஜூனில் சின்னவளை மாற்றினால் அவள் இரண்டையும் இழக்கிறாள். பத்து வயதுப் பிள்ளைக்கு இப்போதே கல்லூரிக் கணக்கா என்று அண்ணன் கேட்கலாம். கேட்கட்டும்; நாம்தானே அந்தக் கணக்கைப் போட வேண்டும்.

பணம் எப்போது கேட்பார்கள் என்பதையும் கடலை வைத்துப் பார். எங்களுடையது விசைப்படகு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை; சரியாக அந்த நாட்களில்தான் முதல் பருவக் கட்டணம் வந்து நிற்கும். அதற்காகவே நான் ஆவணியிலிருந்து பங்குனி வரை தனியாக ஒரு சீட்டுக் கட்டுகிறேன். உங்களுடையது நாட்டுப்படகு என்பதால் இந்த மாதங்களில் கையில் காசு இருக்கும், மீனுக்கு விலையும் இருக்கும். அதை வைத்து எல்லாம் முடியும் என்று தோன்றிவிடும். உங்களுக்குக் கஷ்டம் வாடைக்காற்றில் வரும். ஐப்பசி, கார்த்திகையில் திருப்பாலைக்குடிக் கரையில் வள்ளம் இறக்க முடியாமல் கிடக்கும்போது இரண்டாம் பருவக் கட்டணத்துக்கு ஆள் வருவார்கள். அப்போது வகுப்பில் பெயரைச் சொல்லி எழுப்பி நிறுத்தினால் சின்னவள் தாங்க மாட்டாள், அவளுடைய குணம் எனக்குத் தெரியும்.

அண்ணன் கலாம் ஐயாவைச் சொன்னதாக எழுதியிருந்தாய். அவர் இராமேசுவரத்தில் தொடக்கப் பள்ளி முடித்து இராமநாதபுரம் சுவார்ட்ஸ் பள்ளிக்கு வந்தது உண்மைதான். ஆனால் அது மிஷன் நடத்தும் பள்ளி என்பதை அண்ணனுக்கு எடுத்துச் சொல். தனியார் என்றாலே மெட்ரிக் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். மிஷனும் அறக்கட்டளையும் நடத்தி, ஆசிரியர் சம்பளத்தை அரசு தருகிற உதவிபெறும் பள்ளிகள் நம் மாவட்டத்தில் இருக்கின்றன. அங்கே தமிழ்வழி உண்டு, சத்துணவு உண்டு, புதுமைப்பெண் திட்டமும் இப்போது உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்த பெண்களுக்கு வந்துவிட்டது. 7.5 மட்டும் கிடைக்காது. நீ மாலை ஆறு மணிக்குக் கருவாட்டுக் கொட்டகையிலிருந்து வீடு திரும்பி, அதற்கு மேல் உலை வைக்கிறவள். அண்ணன் விடியற்காலையில் கடலுக்குப் போகிறவர். இரவில் பாயை விரித்து அவள் பக்கத்தில் உட்கார உங்கள் வீட்டில் ஆள் இல்லை என்றால், முதலில் அப்படி ஒரு பள்ளியைத்தான் பார்க்கச் சொல்வேன்.

எங்கே சேர்த்தாலும் மாற்றுச் சான்றிதழை இப்போதே கேட்டு வை. மாணவர் விவரங்களைப் பதிந்து வைக்கும் பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் இணையதளத்தில் தலைமையாசிரியர் அவளுடைய பெயரை விடுவித்தால்தான் புதிய பள்ளியில் ஏற்ற முடியும். பிறப்புச் சான்றிதழிலும் ஆதாரிலும் பெயர் ஒன்றாக இருக்கிறதா என்று பார். என் மகனுக்கு ஒன்றில் தலைப்பெழுத்து முன்னாலும் மற்றதில் பின்னாலும் இருந்தது. அதைச் சரிசெய்ய இ-சேவை மையத்துக்கு மூன்று முறை நடந்தேன்.

19-ஆம் தேதி திங்கட்கிழமை எனக்கு இராமநாதபுரத்தில் வேலை இருக்கிறது. காலை பத்து மணிக்கு அரண்மனை வாசலில் நிற்கிறேன். சின்னவளையும் கூட்டிக்கொண்டு வா. இரண்டு உதவிபெறும் பள்ளிகளையும் மகன் படிக்கும் பள்ளியையும் மூவரும் பார்த்துவிட்டு வருவோம். எந்த வகுப்பறையில் உட்கார அவளுக்குப் பிடிக்கிறது என்று அவளிடமும் கேட்போம். அவனுடைய ஆறாம் வகுப்பு அறிவியல் நோட்டைத் தேடி எடுத்து வைத்திருக்கிறேன், கொண்டு வருகிறேன்.

அத்தையை நான் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் தோழி