கடைப் பெயர்ப் பலகைக்கு மேலேயும் கொஞ்சம் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரத்துத் தோர்னபுவோனி தெருவைப் பற்றி வந்த பயணக் கட்டுரையைப் படித்தேன். குஸ்ஸி, ஃபெரகாமோ, பிராடா என்று கடைகளை அடுக்கிய கட்டுரையாளர், பர்ஸில் கனம் இல்லாதவர்கள் அந்தப் பக்கம் போக வேண்டாம் என்ற தொனியில் முடித்துவிட்டார். நான் அந்தத் தெருவில் ஒரு கைக்குட்டைகூட வாங்காமல் திரும்பியவன். அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

காலணித் தொழிலில் பேட்டர்ன் வெட்டியே காலம் தள்ளியவன் நான். அங்கே போனதும் ஃபெரகாமோவின் காலணி அருங்காட்சியகத்துக்காகத்தான். தெரு அப்படியொன்றும் நீளமில்லை. அந்தினோரி மாளிகையில் ஆரம்பித்து ஆர்னோ ஆற்றுப் பாலத்தில் முடிந்துவிடும். கண்ணாடிக்குப் பின்னால் இருப்பதை மட்டும் பார்த்தால் பத்து நிமிடத்தில் கடந்துவிடலாம், கட்டுரையாளரைப் போல.

சாந்தா திரினிதா சதுக்கத்தில், கோட்டை மாதிரி பல்வரிசை வைத்த ஒரு கட்டடம் நிற்கிறது. அதுதான் ஸ்பினி ஃபெரோனி மாளிகை. 1289-இல் கட்டத் தொடங்கியது. இன்று அதன் கீழ்த்தளத்தில் ஃபெரகாமோ கடை. எதிரே இருக்கும் தேவாலயத்துக்குள் போய், வலது பக்கம் சாசெத்தி சிற்றாலயத்தைத் தேடிப் பாருங்கள். 1483 முதல் 1485 வரை கிர்லாந்தாயோ வரைந்த சுவரோவியங்கள் அங்கே உள்ளன. பீடத்துக்கு மேலே உள்ள படத்தில் ஒரு சிறுவன் ஜன்னலிலிருந்து தவறி விழுகிறான். புனித பிரான்சிஸ் வானத்தில் தோன்றி அவனுக்கு உயிர் கொடுக்கிறார். அந்த ஜன்னல் இருக்கும் வீடு எது தெரியுமா? வெளியே நாம் பார்த்துவிட்டு வந்த அதே ஸ்பினி மாளிகைதான்! அதே சதுக்கம், பின்னணியில் பாலம், எல்லாம் படத்தில் இருக்கிறது. படத்தில் இருப்பது 1557 வெள்ளத்தில் அழிந்த பழைய பாலம். ஒரு கடையின் வாசலை ஐந்நூறு வருஷத்துக்கு முந்தைய ஓவியத்தில் பார்த்துவிட்டு, வெளியே வந்து நேரிலும் பார்க்கலாம். மதியம் மூடிவிடுவார்கள், காலையிலேயே போய்விடுவது நல்லது.

படத்துக்குப் பணம் கொடுத்த பிரான்செஸ்கோ சாசெத்தி, அன்றைய ஃபிளாரன்ஸைக் கையில் வைத்திருந்த மெதிச்சி குடும்பத்து வங்கியின் தலைமை நிர்வாகி. தெருவுக்குப் பெயர் தந்த தோர்னபுவோனி குடும்பமும் அதே வட்டாரம்தான். அந்தக் குடும்பத் தலைவர் லொரென்சோ மெதிச்சியின் தாய் லுக்ரேசியா, தோர்னபுவோனி வீட்டுப் பெண். ஆகவே ஆடம்பரம் இந்தத் தெருவுக்குப் புதிதாக வந்து ஒட்டிக்கொண்டது போலக் கட்டுரையாளர் வருத்தப்பட்டிருப்பது சரியில்லை. பணம் தன்னைக் காட்டிக்கொள்ளத்தான் இந்தத் தெருவே உருவானது. அன்றைக்குக் கல்லில் காட்டினார்கள், இன்றைக்குத் தோலில் காட்டுகிறார்கள்.

வங்கிக்காரர் ஃபிலிப்போ ஸ்ட்ரோட்சியின் மாளிகையையே எடுத்துக்கொள்ளுங்கள். சுற்றியிருந்த வீடுகளை வாங்கி இடித்துவிட்டு, ஜோதிடரிடம் நாள் குறித்து, 1489 ஆகஸ்டில் அஸ்திவாரம் போட்டார். நல்ல நாள் பார்த்தும் பலனில்லை; 1491-இல் இறந்துவிட்டார். மூலையில் தொங்கும் இரும்பு விளக்குக் கூண்டுகளைச் செய்த கொல்லர், அட்வான்ஸ் வாங்காமல் சுத்தியலைத் தொடமாட்டாராம். வங்கிக்காரர்களிடமே! எனக்கு அந்த மனிதரை மிகவும் பிடித்துவிட்டது. மாளிகையின் வெளிச்சுவரை ஒட்டி, நம் வீட்டுத் திண்ணை மாதிரி, கல்லிலேயே நீளமாக ஓர் இருக்கை வைத்திருக்கிறார்கள். யார் வேண்டுமானாலும் உட்காரலாம். முற்றத்துக்குள் போகவும் காசு கிடையாது.

சதுக்கத்திலேயே பார்த்தோலினி சலிம்பேனி மாளிகையும் இருக்கிறது. 1520-களில் பாச்சோ தான்யோலோ இதைக் கட்டியபோது, ஜன்னலுக்கு மேலே முக்கோண முகப்பு, வாசலில் தூண் என்றால் அது கோயிலுக்குத்தானே என்று ஊரே கிண்டல் செய்தது. குறை சொல்வது எளிது, இதைப் போலச் செய்துபார் என்ற பொருளில் வாசலுக்கு மேலே லத்தீனில் ஒரு வரி இன்றும் இருக்கிறது. விமர்சகர்களுக்குக் கல்லிலேயே பதில் எழுதியவர்களை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை.

சரி, கடைக்கே வருவோம். ஃபெரகாமோ என்ற பெயரை எழுதியவர், அது ஒரு செருப்புத் தொழிலாளியின் பெயர் என்று ஒரு வரியாவது சேர்த்திருக்கலாம். சால்வத்தோரே ஃபெரகாமோ 1898-இல் போனித்தோ என்ற தெற்கத்திச் சிற்றூரில் பிறந்தவர். வீட்டில் பதினான்கு பிள்ளைகள். இளவயதிலேயே அமெரிக்கா போய், ஹாலிவுட் நடிகைகளுக்குச் செருப்பு தைத்தார். பாதத்தைப் புரிந்துகொள்ள உடற்கூறியல் படித்தார். 1927-இல் ஃபிளாரன்ஸ் திரும்பினார், 1933-இல் திவாலானார். மறுபடி எழுந்து 1938-இல் ஸ்பினி மாளிகையையே வாங்கினார். அபிசீனியா (இன்றைய எத்தியோப்பியா) மீது இத்தாலி தொடுத்த போரை ஒட்டி வந்த பொருளாதாரத் தடையில் நல்ல எஃகு கிடைக்கவில்லை. பாதத்தின் வளைவைத் தாங்கும் ஷாங்க் பட்டை உடைந்துகொண்டே இருந்தது. குதிகாலுக்கும் முன்பாதத்துக்கும் நடுவே அடியில் இருக்கும் இடைவெளியைக் கார்க்கால் அடைத்துப் பார்த்தார். அப்படிப் பிறந்ததுதான், அடிப்பகுதி முழுக்க ஆப்பு மாதிரி ஒரே கட்டையாக இருக்கும் வெட்ஜ் ஹீல். தட்டுப்பாட்டில் தோல் கிடைக்காதபோது மிட்டாய் சுற்றும் செல்லோபேன் தாளில் செருப்பின் மேல்பகுதியைச் செய்தார். 1947-இல் நைலான் இழையில் செய்த செருப்பைப் பார்த்தால் காலில் ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும். அருங்காட்சியகத்தில் நடிகைகளின் பாத அளவுக்குச் செதுக்கிய மர லாஸ்ட்டுகள் (செருப்பு தைக்க உதவும் பாத வடிவ அச்சுகள்) முன்னால்தான் நான் அதிக நேரம் நின்றேன். டிக்கெட் உண்டு, கொடுத்த காசுக்கு மேலேயே கிடைத்தது.

கட்டுரையாளர் ஒரு விஷயத்தில் கோபப்பட்டிருந்தால் நானும் சேர்ந்துகொண்டிருப்பேன். இந்தத் தெருவில் சீபர் என்ற பழைய புத்தகக் கடை இருந்தது, டோனி என்ற கஃபே இருந்தது. இன்று இரண்டும் இல்லை. மாளிகைகளை யாரும் அசைக்க முடியாது. வாடகையால் வெளியேறுவது இப்படி உட்கார்ந்து படிக்கவும் பேசவும் இருந்த இடங்கள்தான். 1885-இல் தொடங்கிய ப்ரொக்காச்சி என்ற சிற்றுண்டிக் கடையில், ட்ரஃபிள் என்ற வாசனைக் காளான் தடவிய குட்டி ரொட்டியை நின்றுகொண்டே சாப்பிடும் வழக்கம் இருக்கிறது. அதையும் கட்டுரையில் காணோம்.

அடுத்த இணைப்பில் மிலன் நகரின் மோந்தே நப்போலியோனே தெரு என்று அறிவித்திருக்கிறீர்கள். கடை வாடகையில் அது 2024-இல் நியூயார்க்கின் ஐந்தாவது அவென்யூவை முந்தி உலகில் முதலிடம் பிடித்தது என்று நிச்சயம் எழுதுவார்கள். 1783-இல் அங்கே அரசுக் கடனைக் கவனிக்க ஒரு நிறுவனம் இருந்ததையும், 1804-இல் அதை நெப்போலியன் பெயரில் மறுபடி திறந்ததால்தான் தெருவுக்கு அந்தப் பெயர் வந்தது என்பதையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். கடைகளின் படத்தைக் குறைத்தால் இடம் கிடைத்துவிடும்.

இப்படிக்கு,
காலணித் தொழிலிலிருந்து ஓய்வு பெற்ற உங்கள் வாசகர்