பழைய காருக்கும் மூன்றாவது விளக்கு

ஐயா,

மார்கழி விடியலில் குன்னூர் மலைப்பாதையில் என் பழைய மாருதி 800 போவது பின்னால் வருபவருக்குத் தெரிவதே சந்தேகம். டெயில் லைட் பல்பு வெறும் 5 வாட். அதனால் பின்பக்கம் 21 வாட்டில் சிவப்பு ஃபாக் (மூடுபனி) விளக்கும், பின்கண்ணாடி உச்சியில் எல்இடி பிரேக் விளக்கும் மாட்டினேன். இழை பல்பைவிட எல்இடி சுமார் 0.2 விநாடி முந்தி எரியும். நெடுஞ்சாலையில் 80 கி.மீ. வேகத்தில் அதற்குள் பின்னால் வரும் வண்டி நாலு மீட்டருக்கு மேல் ஓடிவிடும். என் கார் நீளமே அவ்வளவில்லை! அமெரிக்காவில் 1986 மாடல் கார்களிலிருந்தே இந்த மூன்றாவது பிரேக் விளக்கு கட்டாயம்.

சரி, மாட்டுபவர்கள் ஃபாக் விளக்குக்குத் தனி சுவிட்ச் வையுங்கள். பனி விலகியதும் அணைத்துவிடுங்கள். அப்புறம், மினுக்கும் கலர் பட்டைகள் வேண்டவே வேண்டாம். 15 வருடப் பதிவைப் புதுப்பிக்கும்போதாவது அதிகாரிகள் அவற்றைக் கழற்றச் சொல்லலாமே?

ஒரு வாசகர், குன்னூர்