அடிப்பக்கத்தைப் பார்

அன்பு மகளுக்கு,

இங்கு யாவரும் நலம். நம் காவேரிப்பட்டினம் தோட்டத்தில் வெட்டிய பெங்களூரா மாமரத்தின் அடிக்கட்டையில் ஐப்பசி மழைக்குப் பின் முளைத்திருக்கும் காளான்கள் எவை என்று கேட்டிருந்தாய். படம் மட்டும் அனுப்பிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் மேலிருந்து எடுத்த படத்தைக் கொண்டு மரக்காளானுக்குப் பெயர் சொல்வது, முதுகைப் பார்த்து ஆளைச் சொல்வது போலத்தான். ஆகவே கட்டையருகே குந்தி, உன் பள்ளிக்காலத்துப் பூதக்கண்ணாடியால் ஒவ்வொன்றின் அடிப்பக்கத்தையும் பார்த்த பிறகே எழுதுகிறேன்.

வெயில் படும் பக்கத்தில் ஆரஞ்சுச் சிவப்பாய், தோல்போல மெல்லியதாய் நிற்பது பிக்னோபோரஸ். நிறமே காட்டிக் கொடுத்துவிடும். குழப்புபவை, பழுப்புப் பட்டைகள் ஓடிய விசிறிகளாக அடுக்கடுக்காய் நிற்பவை. அப்படி இரண்டு கொத்துகள் இருந்தன. மேலே பார்த்தால் கூடப் பிறந்தவை போலவே தெரிந்தன. திருப்பினேன். ஒன்றின் அடியில் ஊசிமுனையால் குத்தினாற்போல், மில்லிமீட்டருக்கு 3 அல்லது 4 துளைகள் இருந்தன. அது டிராமெட்டிஸ் வகை. மற்றதில் துளையே இல்லை, வழவழவென்று இருந்தது, அது ஸ்டீரியம். மரப்பட்டைக்குள் இருந்த விரல்நக அளவுக் காளான் வெயிலில் சுருண்டு காய்ந்த செத்தைபோல் கிடந்தது. தண்ணீர் தெளித்து வைத்தேன். சிறிது நேரத்தில் விரிந்து, அடியில் நீளவாக்கில் பிளந்த செவுள் மடிப்புகளைக் காட்டியது. அது ஸ்கிசோஃபில்லம்.

கட்டையின் தரைப்பக்கத்தில் சுண்ணாம்பு அடித்தாற்போல் ஒட்டிப் படர்ந்திருப்பவற்றுக்கு மட்டும் பெயர் சொல்ல எனக்குத் துணிவில்லை. குடையோ விசிறியோ இல்லாத இப்படலக் காளான்களைப் பிரித்தறிய காளான் இனம்பெருக்கும் நுண்பொடியான வித்துகளின் அளவையும் இழைகளின் அமைப்பையும் நுண்ணோக்கியில் பார்த்தாக வேண்டும். கண்ணால் பார்த்துப் பெயர் சொல்பவரை நம்பாதே. மரம் எந்த வகையில் மட்குகிறது என்பதையாவது குறித்துக்கொள்ளலாம்: மரத்துக்கு உறுதி தரும் லிக்னின் கரைந்து வெளிறிய நாராக உதிர்ந்தால் வெள்ளை அழுகல், நாருக்கு ஆதாரமான செல்லுலோசு போய்ப் பழுப்புக் கட்டங்களாக வெடித்தால் பழுப்பு அழுகல். நம் கட்டை நார் நாராகத்தான் உதிர்கிறது.

இதையெல்லாம் இவ்வளவு நுணுக்கமாகப் பார்க்கக் காரணம் கிணற்றடித் தென்னைதான். அதன் தூரில், அரக்குப் பூசினாற்போல் பளபளக்கும் செம்பழுப்புக் காளான் தோன்றியபோது, கொடுவாளால் செதுக்கி எறிந்துவிட்டு நோய் போயிற்று என்று இருந்துவிட்டேன். அது கனோடெர்மா, நாம் காண்பது கனி மட்டுமே, அதன் இழைகள் வேரிலும் தண்டிலும் ஊடுருவியிருக்கும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. தண்டிலிருந்து செம்பழுப்பு நீர் கசிந்ததைக்கூடக் கவனிக்கவில்லை. தஞ்சாவூர் வாடல் நோய் என்று வேளாண்மைத் துறையினர் சொன்னபோது மட்டைகள் தொங்கத் தொடங்கிவிட்டன. இப்போது பக்கத்துத் தென்னைக்கு ஆண்டுக்கு 5 கிலோ வேப்பம் பிண்ணாக்கு இடுகிறேன்.

கனோடெர்மாத் துண்டு ஒன்றை வெள்ளைத் தாளில் இரவு முழுவதும் கவிழ்த்து வைத்ததில், கோக்கோ நிறத்தில் வித்துப்பொடி படிந்திருக்கிறது. அந்தத் தாளையும், நிழலில் உலர்த்திய படலத் துண்டுகளையும் காகித உறையில் இட்டு, மரத்தின் பெயரும் தேதியும் எழுதி வைத்துள்ளேன். பிளாஸ்டிக் பையில் போட்டால் பூசணம் பிடித்துவிடும். பொங்கலுக்கு வரும்போது எடுத்துப்போய், உன் கல்லூரித் தாவரவியல் துறையின் நுண்ணோக்கியில் காட்டிக் கேள்.

அன்புடன்,
அப்பா