முதல் நாள் வண்டிய எடுக்காத

பாப்பாவுக்கு,

அப்பா எழுதுறேன். போன்ல சொன்னா சரிப்பா சரிப்பான்னு வச்சிடுற, அதான் டைப் பண்ணி அனுப்புறேன், மாப்பிள்ளையையும் படிக்க சொல்லு. குறுவை அறுத்து நெல்லு களத்துல கிடக்கு, வானம் மூடிக்கிட்டே இருக்கு, 17 சதவீதத்துக்கு மேல ஈரம் இருந்தா கொள்முதல் நிலையத்துல எடுக்க மாட்டாங்க, அதனால காவலுக்கு களத்துலயேதான் கிடக்கேன். நேரம் நிறைய இருக்கு.

உன் நியூசிலாந்து பிளான பாத்தேன். காலையில கிரைஸ்ட்சர்ச்ல இறங்கி, மத்தியானம் கேம்பர்வேனை, அதான் உள்ளயே படுத்து தூங்குற வேனை, எடுத்து, அன்னைக்கு சாயங்காலமே டெகாபோ ஏரிக்கு போயிடலாம், 225 கிலோமீட்டர்தான், மேப்ல மூணு மணி நேரம் காட்டுதுன்னு போட்டிருக்க. மேப்புக்கு தூக்கம் வராது பாப்பா. அங்க காலை பத்து மணின்னா நம்ம ஊர்ல ராத்திரி ரெண்டரை. ராத்திரி பூரா பிளைட்ல உக்காந்துட்டு வந்த உடம்பு அந்த ரெண்டரையிலதான் இருக்கும். நான் நெல்லு லோடு அடிச்ச காலத்துல ரோட்டோரம் கவுந்து கிடந்த வண்டிங்க பெரும்பாலும் அந்த நேரத்துல கவுந்ததுதான், ஓட்டுனவன்லாம் புது டிரைவரும் இல்ல. அதனால முதல் நாள் சாவிய கையில வாங்கவே வேணாம். ஹாஸ்டல் மாதிரி ஒரு ரூம போடு, ஒரு நாள் வேன் வாடகை மிச்சமாகுதுல்ல, அதுல பாதி செலவாவது ஈடு கட்டிடும். ஊருக்குள்ள அவ்ளோ நீள வண்டிய வச்சிக்கிட்டு பார்க்கிங் தேடுற தொல்லையும் இல்ல.

அன்னைக்கு ஊர நடந்தே பாருங்க. ஏவான்னு ஒரு ஆறு ஊருக்கு நடுவுல வளைஞ்சு வளைஞ்சு ஓடுது, நம்ம வெண்ணாத்துல பாதி அகலம் கூட தேறாது, ஆனா தண்ணிக்கு அடியில கிடக்குற கல்லு தெரியுதுன்னு வீடியோவுல பாத்து எனக்கு வயித்தெரிச்சலா இருந்துச்சு. கரையிலயே பொட்டானிக் கார்டன், 1863ல ஆரம்பிச்சது, டிக்கெட் கிடையாது. பழைய டிராம் ஒண்ணு ஊர சுத்தி வருது, பட்ஜெட் இடிச்சா அத விட்டுடு, நடக்குற தூரம்தான். 2011 பிப்ரவரி 22ல அங்க பூகம்பம் வந்து 185 பேர் செத்தாங்க, ஆத்தங்கரையில அத்தனை பேர் பேரும் செதுக்கி ஒரு சுவர் வச்சிருக்காங்க. அங்க கொஞ்ச நேரம் நில்லு. நாகப்பட்டினத்துல சுனாமி வந்தப்ப நீ சின்ன புள்ள, அரிசி மூட்டை ஏத்திக்கிட்டு போய் நான் பாத்தது எனக்குதான் தெரியும். கிரைஸ்ட்சர்ச்ல அந்த பூகம்பத்துல பெரிய சர்ச் இடிஞ்சதும் அதுக்கு பதிலா அட்டைக் குழாய வச்சே ஒரு சர்ச் கட்டி 2013ல திறந்திருக்காங்க, ஷிகேரு பான்னு ஜப்பான்காரர் டிசைன். அட்டைன்னா மழைக்கு தாங்குமான்னு உங்கம்மா கேக்குறா, மேல கூரை போட்டிருக்காங்கடின்னேன்.

மறுநாள் வேன். டீசல் வண்டின்னா ரோடு வரி டீசல் விலையில சேராதாம், கிலோமீட்டர் கணக்குல தனியா வாங்குவாங்க, வாடகை கம்மின்னு பாத்து ஏமாந்துடாத, அதையும் சேத்து கணக்கு போடு. 2023ல சட்டத்த மாத்திட்டாங்க, டாய்லெட் வண்டியிலயே பொருத்தியிருந்தாதான் செல்ஃப் கன்டெய்ன்டு சர்டிபிகேட், அதாவது கழிவ வண்டிக்குள்ளயே வச்சிக்கும்னு குடுக்குற சான்று. நீ பாத்து வச்சிருக்கிறது பின்னாடி மெத்தை மட்டும் போட்ட வண்டி, அத வச்சிக்கிட்டு ஃப்ரீயா கிடக்கேன்னு கண்ட இடத்துல நிறுத்தாத, ஃபைன் போடுவாங்க. டாக்னு அவங்க கவர்மெண்ட் டிபார்ட்மெண்ட் நடத்துற கேம்ப்சைட் இருக்கு, செலவு கம்மி. நடுநடுவுல ஒரு நாள் ஹாலிடே பார்க்ல தங்கு, வெந்நீர்ல குளிச்சு, அங்க கிச்சன்லயே சோறாக்கி, துணிய துவைச்சுக்கலாம்.

ரோட்டுல நம்மள மாதிரியே இடது பக்கம்தான், லைசென்ஸ் இங்கிலீஷ்ல இருக்கு, அதுவே போதும். ஒரு வண்டி மட்டும் போற பாலம் நிறைய வரும். போர்டுல நம்ம பக்கத்து அம்பு சின்னதா சிவப்பா இருந்தா நாமதான் நிக்கணும். நீடாமங்கலம் ரயில்வே கேட்ல நின்னு பழகுன ஆளுங்க நாம, அங்க போய் அவசரப்படாதீங்க.

அப்புறம் உங்கம்மா இட்லி பொடி, மோர்மிளகாய், முறுக்குன்னு ஒரு பையே கட்டி வச்சிருக்கா. என்ன இருக்குன்னு அந்த நாட்டுக்குள்ள போக நிரப்புற ஃபார்ம்ல அப்படியே எழுதிடு, வேணாம்னா தூக்கி போடுவாங்க, அவ்ளோதான், மறைச்சா 400 டாலர் ஃபைன். தேன் மட்டும் வேணவே வேணாம். போன தடவ வந்தப்ப வயல்ல இறங்குனியே அந்த ஷூ, அதுல நம்ம களிமண்ணு இன்னும் ஒட்டிக்கிட்டிருக்கும், நல்லா தேய்ச்சு கழுவி காய வச்சு எடுத்துட்டு போ, மண்ணு இருந்தா அவங்க விட மாட்டாங்க.

டெகாபோவுலேந்து பெரிய வாய்க்கால் வெட்டி தண்ணிய கொண்டு போய் கரண்ட் எடுக்குறாங்களாம், அந்த ஏரிக்கரை சர்ச்ச எல்லாரும் போட்டோ எடுப்பாங்க, நீ எனக்கு அந்த வாய்க்கால எடுத்து அனுப்பு, மதகும் தெரியணும். வண்டி வாங்கும்போது நாலு பக்கமும் சுத்தி வீடியோ எடு, ஸ்டெப்னிய இறக்கி காட்ட சொல்லு, டயர கிட்டத்துல போட்டோ எடுத்து அங்கேயே நின்னுக்கிட்டு எனக்கு போடு. நடுராத்திரியா இருந்தாலும் முழிச்சுதான் இருப்பேன், டயர் பட்டன் தேய்ஞ்சிருந்தா வேற வண்டி கேளுன்னு சொல்லுவேன், கேக்கணும்.

அப்பா
மன்னார்குடி