போட்டிக்குப் படித்ததை வீட்டிலும் கேளுங்கள்

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

அறிவியல் வினாடி வினாவுக்குப் பெயர் கொடுத்திருக்கும் பிள்ளைகள் இந்த மாதம் மாலை ஐந்தரை மணிவரை பள்ளியில் இருப்பார்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தோம். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் சிலர், "சார், இதுல ஜெயிச்சா பத்தாவதுல மார்க் கூடுமா?" என்று கேட்டீர்கள். கூடாது. பரிசு வரும் என்றும் நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். இருந்தாலும் பிள்ளைகளை அனுப்புங்கள் என்கிறேன். ஏன் என்று சொல்கிறேன்.

பயிற்சியில் ஒரு கேள்வி வந்தது. 20 சதவீத ஈரப்பதமுள்ள நெல் 1,000 கிலோ இருக்கிறது. காயவைத்து 17 சதவீதத்துக்குக் கொண்டுவந்தால் எடை எவ்வளவு? எல்லாரும் 970 என்றார்கள். மூன்று சதவீதம் குறைந்தால் முப்பது கிலோதானே என்ற கணக்கு. அது தப்பு. 1,000 கிலோவில் தண்ணீர் 200, மீதி 800. வெயிலில் தண்ணீர்தான் போகும், அந்த 800 அப்படியே இருக்கும். காய்ந்த நெல்லில் அதுவே 83 சதவீதம் ஆகிறது. போட்டுப் பார்த்தால் மொத்த எடை சுமார் 964 கிலோ. போனது 36 கிலோ, கிட்டத்தட்ட ஒரு சிப்பம், அதாவது நாற்பது கிலோ மூட்டை!

உடனே ஒரு மாணவி, "அப்ப போன குறுவையில எடை குறைஞ்சுதுன்னு அப்பா சண்டை போட்டாரே, அது நியாயமில்லையா சார்?" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காய்ந்ததில் இவ்வளவு குறையும் என்று கணக்குத் தெரிந்தவர்தான், அதற்கு மேல் குறைந்தால் தைரியமாகக் கேட்க முடியும் என்று சொன்னேன். அரசு நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதத்துக்கு 17 சதவீதம்தான் வரம்பு; மழை ஆண்டுகளில் தளர்த்துவதும் உண்டு. அடுத்த முறை சனிக்கிழமை போவதாக இருந்தால் பிள்ளையையும் கூட்டிப் போங்கள். குவியலின் மேலே ஒரு கை, அடியில் ஒரு கை எடுத்து ஈரப்பத மீட்டரில் வைத்துப் பார்க்கட்டும். இரண்டும் பெரும்பாலும் ஒரே எண் காட்டாது. குவியலைக் கிளறிவிட்டுப் பல இடங்களில் எடுத்துப் பார்ப்பது எதற்கு என்று அப்போது தானாகப் புரியும்.

இன்னொன்று பாம்பு. நாகம், கண்ணாடி விரியன், கட்டுவிரியன், சுருட்டை விரியன் என்று நான்கு பெயரையும் கடகடவென்று ஒப்பிப்பார்கள். எனக்கு அது போதாது. இந்த நான்குக்கும் ஒரே விஷமுறிவு மருந்துதான் போடுகிறார்கள். அதனால் கடித்த பாம்பை அடித்துத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியதில்லை, அதைத் தேடுவதில் நேரம் போக்கவும் கூடாது. கயிறு போட்டு இறுக்கிக் கட்டக்கூடாது, கீறக்கூடாது. கையைக் காலை அசைக்காமல் வைத்து 108-ஐ அழைக்க வேண்டும். கட்டுவிரியன் தரையில் தூங்குகிறவரைக் கடித்தால் வலி தெரியாமலே போகலாம். விடிகாலையில் வயிற்றுவலி என்பார், கண் இமை தொங்கும். சூட்டு வலி என்று வெந்தயம் கொடுத்துக்கொண்டிருந்தால் காரியம் கெட்டுவிடும். இதை உங்கள் பிள்ளை உங்களிடம் சொன்னால், தயவுசெய்து "போடா, படிக்கிற வேலையப் பாரு" என்று சொல்லிவிடாதீர்கள்.

ஐப்பசி மழை தொடங்குகிறது, இடி மின்னலும் கூடவே வரும். ஒலி ஒரு விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகிறது. மின்னல் தெரிந்ததும் எண்ணத் தொடங்கி, இடி கேட்கும்போது எத்தனை விநாடியோ அதை மூன்றால் வகுத்தால் அத்தனை கிலோமீட்டர் தூரத்தில் மின்னியது என்று அர்த்தம். முப்பது விநாடிக்குள் இடி கேட்டால் வயலை விட்டு ஏறிவிட வேண்டும். மரத்தடியும் கீற்றுக் கொட்டகையும் உதவாது. கட்டடத்துக்குள் போக வேண்டும். கடைசி இடி கேட்டு அரைமணி நேரம் ஆன பிறகு இறங்கலாம். எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் நடவுக்குப் போகும் அம்மாவுக்கு இதைச் சொல்லிக்கொடுத்து, இப்போது நடவு ஆட்கள் எல்லாரும் சேர்ந்து எண்ணுகிறார்களாம். மேஸ்திரிக்குத்தான் கொஞ்சம் வருத்தம் என்று கேள்வி.

வெறும் மனப்பாடக் கேள்விகளும் போட்டியில் இருக்கின்றன. சர் சி.வி. ராமனுக்கு நோபல் பரிசு கிடைத்தது 1930 என்று சொன்னால் மதிப்பெண் உண்டு. சரி, தெரிந்திருக்கட்டும். ஆனால் கப்பலில் போகும்போது கடல் ஏன் நீலமாக இருக்கிறது என்று யோசித்த மனிதர் அவர். பக்கத்துத் திருச்சியில் பிறந்தவர். நம் பிள்ளைகளும் ஏன், எப்படி என்று கேட்டால் எனக்கு அதுதான் பெரிய பரிசு.

உங்களிடம் நான் கேட்பது சின்ன விஷயம். இரவுச் சாப்பாட்டின்போது, "இன்னைக்கு என்ன கேள்வி கேட்டாங்க?" என்று கேளுங்கள். விதைநெல்லை உப்புத் தண்ணீரில் போட்டுப் பதர் பிரிக்கும்போது முட்டையை மிதக்கவிட்டுப் பார்க்கும் வேலையை அவர்களிடம் விடுங்கள். மிதப்பது ஏன் என்பதை அவர்கள் விளக்கட்டும். மின்கட்டண யூனிட்டையும் அவர்களே கணக்குப் போடட்டும். விடை உங்களுக்குத் தெரியாவிட்டால் எழுதி அனுப்புங்கள், எங்களுக்கும் தெரியாவிட்டால் தேடிச் சொல்கிறோம்.

ஐந்தரைக்குப் பிறகு பஸ் வசதி இல்லாத ஊர்களிலிருந்து வரும் பிள்ளைகளை அழைத்துப்போக வீட்டுப் பெரியவர் ஒருவர் வர வேண்டும். யார் வருவார்கள் என்பதை இத்துடன் உள்ள சீட்டில் எழுதிக் கையெழுத்திட்டு வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள். மழை கனமாக இருக்கும் நாட்களில் பயிற்சி கிடையாது.

அன்புடன்,
தலைமையாசிரியர்
அரசு உயர்நிலைப்பள்ளி
திருவாரூர் மாவட்டம்